தேக்கு வாசல் நிலையில் சோடா பிளாஸ்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஐயா வீட்டு முகப்பு நிலையில் மூன்று வண்ணம் இருந்தது. மேலே பிரவுன், அதன் கீழே பச்சை, அடியில் மங்கிய நீலம். வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பூச்சு. அத்தனைக்கும் அடியில் பர்மாத் தேக்கு. சோடாத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் பெயிண்டை எடுக்க (இதுதான் சோடா பிளாஸ்டிங்) வந்தவர், "சமையல் சோடாதானே அண்ணே, மரத்தை என்ன செய்யப்போகுது?" என்றார். நானும் நம்பிவிட்டேன். மற்ற தவறுகளெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தன.

சோடா மணலைவிட மிருதுவானது என்பது உண்மைதான். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மணல் 7, சோடா சுமார் 2.5. அதனால்தான் ஃபைபர் படகின் அடியில் உள்ள பழைய பெயிண்டை அடிப்பரப்பு அதிகம் கெடாமல் எடுக்க முடிகிறது. ஆனால் தேக்கு ஃபைபர் இல்லை. ஒவ்வொரு வளையத்திலும் மிருதுவான பகுதியும் கெட்டியான பகுதியும் அடுத்தடுத்து இருக்கும். காற்றழுத்தம் கூடினால் மிருதுவானது முதலில் பறந்துவிடும், மரம் வரிவரியாக நிற்கும். எங்கள் நிலையின் மேல் சட்டத்தில் கஜலட்சுமி இருக்கிறாள். இடப்பக்க யானையின் துதிக்கையில் நெல்மணி அகலத்துக்கு மடிப்புகள் செதுக்கியிருந்தார்கள். சோடா பீய்ச்சும் குழாய் முனையான நாசிலை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்ததும் அவை மழுங்கிப்போயின. இன்றும் விரலால் தடவினால் வலப்பக்க யானையில் மடிப்பு தட்டுப்படும், இடப்பக்கத்தில் வழுவழு என்றிருக்கும்.

கதவின் பின்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நாசிலைச் சாய்த்துப் பிடித்து, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். செதுக்கு வேலைப்பாட்டில் சோடாவே வேண்டாம் என்பேன். பெயிண்ட் ரிமூவர் தடவி, மூங்கில் குச்சியாலும் நார் பிரஷாலும் எடுக்கட்டும். நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

அடுத்தது உயிர் விஷயம். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். உலர்வாக அடித்தால் அந்தத் தூள் வளவு (உள்முற்றம்) முழுக்கப் பரவும். தண்ணீர் கலந்து அடிக்கும் முறையைக் கேளுங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய ஆட்களை விடாதீர்கள், வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். கழிவை விரிப்பில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். முற்றத்துத் தண்ணீர் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகும் வீடுகளில் அந்த வழியை முதலிலேயே அடைத்துவிடுங்கள்.

சோடா சந்து பொந்தெல்லாம் புகும். 1986-ல் முடிந்த அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையின் புதுப்பிப்பில், உட்புறத்தில் பூசியிருந்த தாரை எடுக்கச் சோடா அடித்தார்கள். தகட்டு இடுக்குகள் வழியே அது வெளியே கசிந்து, பச்சைக் களிம்பு பிடித்திருந்த செம்பின் நிறத்தையே மாற்றியது. அப்படியென்றால் நம் கதவின் பித்தளைக் குமிழ், பூட்டு, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோ பொதிந்தோதான் தொடங்க வேண்டும். பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரின் பளபளப்பையும் தெறிப்பு கெடுக்கும், அதையும் மூடுங்கள். செடிகளையும்தான்.

வேலை முடிந்ததும் சோடாவின் காரத்தைப் போக்க வினிகர் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். படகுக்குச் சரி. கீழே தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் கூடவே கூடாது! அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்டில் வார்த்தது; புளிப்பு பட்டால் பூவேலையின் நிறமே அரித்துப்போகும். தரையை விரித்து மூடிவிட்டு, நிலையை நல்ல தண்ணீரில் ஈரத்துணியால் பல முறை துடைத்தாலே போதும். துடைக்காமல் விட்டால் காரம் பட்ட தேக்கு திட்டுத்திட்டாகக் கறுக்கும், மேலே பூசும் வார்னிஷும் ஒட்டாமல் உரியும்.

இரும்புத் தூண், கம்பி வேலைக்கும் இதையே அடிக்கலாமா என்றால், பெயிண்ட் போகும், துரு போகாது. கம்பி பிரஷ் போட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

மரம் காய அவசரப்படாதீர்கள். எங்கள் நிலையை இரண்டு வாரம் நிழலில் ஆறவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் ஆளிவிதை எண்ணெய் தொட்டோம்.