வெயிலில் நடப்பதற்கு ஓர் ஈரத் துவாய்

வெயிலில் நீண்ட தூரம் நடக்க வேண்டியிருந்தால், மெல்லிய பருத்தித் துவாய் ஒன்றைக் கிணற்று நீரில் நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வதுடன், தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றையும் அணிந்து செல்லுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவைப்படுவதால், துவாயின் ஈரம் உலரும்போது அவ்வெப்பத்தின் ஒரு பகுதியைக் கழுத்துத் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தளர்ந்த சட்டைக்குள் காற்று ஓடுவதால் வியர்வையும் அவ்வாறே உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. அரைக்கைச் சட்டைதான் குளிர்ச்சி என்ற எண்ணம் நிழலுக்கே பொருந்தும்; வெட்டவெளியில் கையை மூடியிருப்பதே நல்லது.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் காலத்தைப் போலச் சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் நாள்களில் இம்முறை நன்றாகப் பயன்படும். காற்று அடங்கிப் புழுங்கும் சித்திரை மாதத்திலோ, மழை இறங்கப்போகும் மாலைகளிலோ ஈரம் எளிதில் உலராது என்பதால், துவாய் சூடேறி வெறும் சுமையாகிவிடும். அந்நாள்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னரே நடந்து முடித்துவிடலாம். தலைச்சுற்றோ குமட்டலோ தோன்றினால் துவாயை நம்பித் தொடர்ந்து நடக்காமல், நிழலில் அமர்ந்து நீர் அருந்த வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு மங்கினாலோ, உடனிருப்பவர்கள் தாமதிக்காமல், இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க வேண்டும்.