கை முந்தினால் பேட்மேன் விழுவான்

"பேருதான் பேட்மேன். ரெண்டு குண்டு பட்டா மல்லாந்துர்றான் காக்கா." (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) கோடை விடுமுறையில் கீழக்கரைப் பையன்களிடம் பேட்மேனாக ஆடும் 'ஆர்காம்' வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் புகார் இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷன் 3 பரணிலிருந்து இறங்கும். அங்கேயும் இதே புலம்பல்தான்.

நம் படங்களில் நாயகன் குண்டுமழைக்குள் நடந்து வருவான். அந்த நினைப்போடு உட்கார்ந்தால் இந்த விளையாட்டு சரிப்பட்டு வராது. லண்டனின் ராக்ஸ்டெடி நிறுவனம் 2009-இல் 'ஆர்காம் அசைலம்', 2011-இல் 'ஆர்காம் சிட்டி', 2015-இல் 'ஆர்காம் நைட்' என்று வெளியிட்டது (இனி அசைலம், சிட்டி, நைட்). மூன்றிலும் பேட்மேன் சாதாரண மனிதன்தான். பறக்க மாட்டான், குண்டும் துளைக்கும். அதனால் அறைகள் இரண்டு வகை. வெறுங்கையோடு ஒரு கூட்டம் நின்றால் இறங்கி அடிக்கலாம். கையில் துப்பாக்கி இருந்தால் ஒளிந்துதான் ஆட வேண்டும். முதல் வகை அறையில் பழகிய கை இரண்டாவது வகை அறையிலும் அதே வேகத்தில் குதிப்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம்.

முதலில் சண்டை. அடிப்பதற்கான சதுரப் பட்டனை டபடபவென்று தட்டிக்கொண்டே இருப்பது எல்லோரும் செய்வது. கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். குரலுக்குக் குரல் கயிறு வரும், தாளம் தப்பி இழுத்தவனுக்குக் கை வலிதான் மிச்சம். இந்தச் சண்டையும் அப்படி. ஓர் அடிக்கு ஒரு தட்டு. முதல் அடி விழும் அந்தக் கணத்தில் அடுத்ததைத் தட்டினால் 'கிரிட்டிகல்' அடி விழுந்து காம்போ (விடாமல் விழும் அடிகளின் தொடர்) எண்ணிக்கை இரட்டிப்பாக ஏறும். எட்டை எட்டியதும் ஒருவனை ஒரேயடியாகப் படுக்க வைக்கும் சிறப்பு டேக்டவுன் கிடைக்கும். அதற்கான மேம்பாட்டை வாங்கிவிட்டால் ஐந்திலேயே கிடைக்கும். பதறித் தட்டுகிறவனின் பேட்மேன் காற்றைக் குத்துவான். காம்போ அறுந்துபோகும். கூட்டமோ அப்படியே நிற்கும்.

முக்கோணப் பட்டன், அதாவது வரும் அடியைத் தடுத்துத் திருப்பி அடிக்கும் கவுண்டர், அடுத்த சிக்கல். அடிக்க வருகிறவன் தலைக்கு மேல் மின்னல் போல் ஒரு குறி தெரியும். அப்போது முக்கோணத்தைத் தட்டினால் போதும். பலர் பார்வையைத் தாங்கள் அடிப்பவன் மேலேயே நிறுத்திவிடுகிறார்கள். பேட்மேனைப் பார்க்கவே வேண்டாம். அவனைச் சுற்றி நிற்கிறவர்களின் தலையைப் பாருங்கள். இந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே 'ஹார்டு' நிலையில் தொடங்குவது வீம்பு. அசைலத்தில் அந்த நிலையில் இந்தக் குறியே காட்டப்படாது.

எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதும் வேலைக்கு ஆகாது. கத்திக்காரனை முதலில் வட்டப் பட்டனால் மேலங்கியை வீசித் திணறடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். மின்தடி வைத்திருப்பவனை முன்னாலிருந்து அடித்தால் நமக்குத்தான் ஷாக். எக்ஸ் பட்டனை இரண்டு முறை தட்டி அவன் தலைக்கு மேல் தாவி, முதுகில் அடிக்க வேண்டும். உடலை ஊத வைக்கும் டைட்டன் மருந்தேறிய பூதங்களோடு மல்லுக்கட்டவே கூடாது. அவன் பாய்ந்து வரும்போது முகத்தில் பேட்டராங்கை (வௌவால் வடிவ எறி ஆயுதம்) எறிந்துவிட்டு விலகினால் தானே போய்ச் சுவரில் மோதுவான். சண்டைக்கு நடுவில் எவனாவது துப்பாக்கி எடுக்க ஓடினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இனி ஒளிந்து ஆடுவது. என்னைக் கேட்டால் இந்த வரிசையின் உயிரே இதில்தான் இருக்கிறது. பையன்கள் இதைத்தான் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். கூரையோரம் கார்கோயில் எனும் கோர உருவச் சிலைகள் இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் அதில் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து சும்மா இருங்கள். யார் எந்தப் பக்கம் சுற்றுகிறான், எவன் தனியே ஒதுங்குகிறான் என்பது தெரிந்த பிறகு ஒருவனை மட்டும் தூக்க வேண்டும். அடுத்தவனுக்கு உடனே ஓடாமல் சிலைக்குத் திரும்பிவிட வேண்டும். ஓடினால் காலடிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், குனிந்து போவதுதான் வழி. சிட்டியில் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்திருக்கும்போது சதுரத்தைத் தட்டினால் வேலை சட்டென்று முடியும், ஆனால் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். அவசரக்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

சுட ஆரம்பித்துவிட்டார்களா? திருப்பி அடிக்கலாம் என்று அங்கேயே நின்றால் கதை முடிந்தது. மேலே ஏறுங்கள், ஏறிய சிலையிலும் தங்காமல் இரண்டு மூன்று சிலை தாவுங்கள். பார்வையை விட்டு மறைந்ததும் சுடுவதை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பிப்பார்கள். தலைகீழாகத் தொங்கி ஒருவனைத் தூக்கிக் கட்டிவிட்டால் மற்றவர்கள் அவனுக்குக் கீழே கூடுவார்கள். அந்தக் கயிற்றைத் தூரத்திலிருந்து பேட்டராங்கால் அறுத்துவிட்டால் எல்லோர் கவனமும் அங்கே போகும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவன் உங்களுக்கு. அதனால்தான் அசைலத்தில் புள்ளிகள் சேர்ந்ததும் தலைகீழ் டேக்டவுனை முதலில் வாங்கச் சொல்வேன். உடல் கவசத்தையே ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கத் தயாராகிறார்கள் என்று அர்த்தம். சண்டை முடிந்து கிடைக்கும் அனுபவப் புள்ளிகளே உயிரையும் ஏற்றிக் கொடுக்கின்றனவே!

சிலைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அசைலத்தின் பிற்பகுதியில் வில்லன் ஜோக்கர் சிலவற்றில் வெடி வைத்திருப்பான். சிட்டியில் வெப்பத்தைக் காட்டும் கண்ணாடி போட்டவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்குச் சிட்டியில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன் காத்திருக்கிறார். ஒருமுறை எப்படி அடித்தீர்களோ, அந்த வழி அதற்கப்புறம் அவரிடம் செல்லாது. தரையிலுள்ள கம்பித் தடுப்புக்கு அடியிலிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை, மூலைக்குப் பின்னாலிருந்து ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை ஒரே வித்தையில் ஒப்பேற்றி வந்தவர்கள் அந்த அறையில்தான் முழிப்பார்கள்.

டிடெக்டிவ் மோடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவரைத் தாண்டி ஆட்களைக் காட்டும், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை நிறத்திலேயே சொல்லிவிடும். அதனாலேயே சிலர் முழு விளையாட்டையும் நீலத்திரையில் எலும்புக்கூடுகளைப் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். அசைலத்தின் கதை நடக்கும் ஆர்காம் தீவின் மழையும் இருட்டும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நைட்டில் அதற்குத் தண்டனையே உண்டு: தொடர்ந்து போட்டு வைத்திருந்தால் நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு சிலர் வருவார்கள். போடுங்கள், எண்ணிக்கொள்ளுங்கள், அணைத்துவிடுங்கள்.

புதிர் போடும் வில்லன் ரிட்லரின் புதிர்கள் அசைலத்தில் மட்டும் 240. கருவிகள் கையில் கிடைப்பதற்கு முன்பே அவற்றின் பின்னால் அலைவது வெட்டி வேலை, பலவற்றை அப்போது எட்டவே முடியாது. சிட்டியில் பச்சை நிறத்தில் தெரிகிறவன் ரிட்லரின் ஆள். கூட்டத்தோடு கூட்டமாக அவனையும் அடித்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். கடைசி ஆளாக அவனை மிச்சம் வைத்து விசாரித்தால் புதிர்கள் இருக்கும் இடங்கள் வரைபடத்தில் விழும்.

வீட்டுக்கு வெளியே நடக்கும் தவறு ஒன்று: திருட்டுக் காப்பி. அசைலத்தின் கணினிப் பதிப்பில் அதற்கென்றே ஒரு பொறி வைத்திருந்தார்கள். திருட்டுக் காப்பியில் பேட்மேனின் மேலங்கி விரிந்து மிதக்காது. மிதந்து கடக்க வேண்டிய ஓர் இடத்தில் அதற்கு மேல் போகவே முடியாது. கன்ட்ரோலர் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. உண்மையிலேயே கழற்றிப் பார்க்க வேண்டியது வேறு: உப்புக்காற்றில் சார்ஜ் முனையில் ஏறும் களிம்பு. கரண்ட் போகிற ஊரில், சேமிப்புக் குறி திரையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கன்சோலை அணைப்பதும் ஆபத்து.

அணைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறான் ஸ்கேர்குரோ, பயமூட்டும் மருந்தால் மனதைக் குழப்பும் வில்லன். அசைலத்தில் அவன் மூன்றாவது முறை வரும்போது திரை சிதறி, படம் உறைந்து, விளையாட்டு முதலிலிருந்து தொடங்குவது போல் இருக்கும். ஏற்கெனவே மின்சாரம் கண்ணாமூச்சி காட்டும் ஊரில் எவனுக்கும் கை சுவிட்சுக்குத்தான் போகும். தொடாதீர்கள், அது அவன் வேலை. கொஞ்சத்தில் விளையாட்டே உங்களைச் சுட்டு வீழ்த்திவிட்டு, தப்பிக்க நடுக்குச்சியை அசைக்கச் சொல்லி ஒரு குறிப்பும் காட்டும். கன்ட்ரோலரில் அப்படி ஒரு குச்சியே இல்லை. தேடாமல் 'மறுபடி முயல்க' என்பதை அழுத்துங்கள், ஆட்டம் தொடரும்.