பழைய மின்சாரக் கார் வாங்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டாடா டியாகோ இவி (மின்சாரக் கார்) வாங்கினேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஓட்டிவந்து, வாசலில் நிறுத்தி, ஆசையாகச் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு. விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டையே பிடித்துவிட்டேன். அவர் பாவம். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, கோளாறு காரில் இல்லை, என் வீட்டில். அதனால் இந்த விளக்கத்தில் முதல் படி காரே இல்லை.

படி 1: வீட்டு பிளக்

ஏசியும் கீசரும் ஓடுகிற 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதே, போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். எர்த் செத்துப்போயிருந்தாலும் கீசர் ஓடும். கார் சார்ஜர் அப்படி இல்லை. எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டை உள்ளே விடும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வீட்டில் 38 காட்டியது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் அப்பா காலத்து எர்த் குழி. தோண்டிப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்தது. புதுக் குழி வெட்டி, எட்டடி ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். அன்று சாயங்காலமே பச்சை விளக்கு எரிந்தது. இப்போதும் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றுகிறேன்.

இந்த மூன்று நாளில் வந்த முதல் எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார்: "பிளக்குக்கு உள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து விட்டுர்றேன் சார், ஏறிடும்." ஏறும், உண்மைதான். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்கக் கரண்ட் நிற்கும். யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி வயர் (4 சதுர மி.மீ.), தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது) போட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் லோடு இழுக்கும்போது அது உருகும்.

படி 2: எந்த வண்டி?

பட்ஜெட் 6 லட்சத்தை ஒட்டி என்றால் பெரும்பாலும் டாடாவின் டியாகோ, டிகோர், முதல் தலைமுறை நெக்ஸான், அப்புறம் எம்ஜி காமெட் ஆகியவற்றைத்தான் சுற்றிச் சுற்றி வருவோம். காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், kWh). டவுனுக்குள் பார்க்கிங் கிடைக்காமல் அல்லாடுகிறவர்களுக்கு அது அருமையான வண்டி. ஆனால் அதில் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் (வழியில் சார்ஜ் நிலையங்களில் வேகமாக ஏற்றும் வசதி) கிடையாது. வெளியூர் ஆசையை விட்டுவிட வேண்டும். டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு பேட்டரி உண்டு. விலை குறைகிறதே என்று 19.2-ஐ எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. வண்டி வந்த புதிதில் கம்பெனி சொன்ன 250, 315 கி.மீ. எல்லாம் சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு பைபாஸில் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே சந்தோஷம்.

நெக்ஸான் (30.2 யூனிட்) ஓட்ட சுகமானது, இடமும் தாராளம். நான் ஏன் விட்டேன் என்றால், டாடா பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. 2020-இல் பதிவான நெக்ஸானுக்கு 2028-இல் முடிந்துவிடும். 2023 டியாகோவுக்கு 2031 வரை இருக்கிறது. சர்வீஸ் ரசீதுகள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வாரண்டி கேட்டுப் போகும் அன்று அவைதான் பேசும்.

நம்பர் பிளேட்டைக் கவனியுங்கள். பச்சையில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து டாக்சி. டாக்சியாக ஓடிய டிகோர்கள் மலிவாக வருகின்றன. ஓடிய ஓட்டம், சொந்த வண்டியாக மாற்ற ஆர்டிஓ அலைச்சல் இரண்டையும் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போகும்.

படி 3: பேட்டரியை அளப்பது

டேஷ்போர்டில் "இன்னும் இத்தனை கி.மீ. போகும்" என்று வருவதை நம்பாதீர்கள். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்து அது போடும் ஊகம் அது. நான் பார்த்த ஒரு வண்டி 230 காட்டியது, நான்கு நாளாக டவுனுக்குள் உருட்டியே வைத்திருந்தார்கள்.

முந்தைய நாளே 100 சதவீதம் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரிகளில் ரொம்ப நாள் முழுசாக ஏற்றாமல் விட்டால் சதவீதமே தப்பாகக் காட்டும். டிரிப் மீட்டரைச் சுழியாக்கிவிட்டு, குறைந்தது 40 கி.மீ. ஓட்டுங்கள். நாங்கள் திருச்சியிலிருந்து துவாக்குடி போய்த் திரும்பினோம். 40 கி.மீ., சராசரி கிலோமீட்டருக்கு 125 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்), ஆக 5 யூனிட் செலவு. சார்ஜ் மீட்டர் 100 சதவீதத்திலிருந்து 77-க்கு இறங்கியிருந்தது. 23 சதவீதத்துக்கு 5 யூனிட் என்றால் முழுப் பேட்டரிக்கு 21.7. புதிதில் 24 இருந்தது, எனவே ஏறக்குறைய 90 சதவீதம் மிச்சம். துல்லியக் கணக்கு இல்லை; 70 வந்தால் எழுந்து வந்துவிடலாம், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஒரு டிசி நிலையத்தில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். 2019 காலத்து டிகோர், மஹிந்திரா இ-வெரிட்டோ எல்லாம் இங்கேயே தோற்றுவிடும். அவற்றின் டிசி வாய் வேறு, இப்போதைய நிலையங்களில் இருக்கும் சிசிஎஸ்-2 வகை சார்ஜிங் துப்பாக்கி (காரில் சொருகும் முனை) நுழையாது.

டயர், ஆர்.சி., லோன் என்ஓசி (கடன் தீர்ந்ததற்கான கடிதம்), பெயர் மாற்றம் எல்லாம் பெட்ரோல் வண்டி மாதிரியேதான். சென்னை வண்டி என்றால் மட்டும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கறை இருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ. வண்டியோடு வந்த சார்ஜரையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், தனியாக வாங்கினால் கையைக் கடிக்கும்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: வண்டி திடீரென்று உயிரே இல்லாமல் கிடக்கிறது, பெரிய பேட்டரி போய்விட்டதா? அநேகமாக 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். அது இறங்கினால் வண்டி விழிக்கவே விழிக்காது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: ஒரு வாசகர் வண்டியில் பூட்டிய காருக்குள் ஏசி தானாக ஓடியிருக்கிறது. பழைய ஓனர் வீட்டுப் பையன், அப்பா போனில் இருந்த, காரைத் தூரத்திலிருந்தே இயக்கும் செயலியைத் தட்டியிருக்கிறான். சாவி வாங்கும்போதே, உங்கள் கண் முன்னால் பழைய ஓனரின் செயலிக் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள்.