பாதி கண்ணாடி வைத்த மின்தேக்கி: நூறு பிகோஃபாரட் எங்கே போனது?

20 செ.மீ சதுரத் தகடுகள் இரண்டு, இடைவெளி 3.3 மி.மீ. பாதிப் பரப்பில் மட்டும் 3 மி.மீ கண்ணாடி. கண்ணாடி தன் பாதியின் இடைவெளியை முழுவதும் நிரப்புவதாகக் கொண்டு, காற்றுப் பாதி, கண்ணாடிப் பாதி இரண்டையும் பக்க இணைப்பாகக் கூட்டினால் சுமார் 376 பிகோஃபாரட் (மின்தேக்குதிறனின் சிறு அலகு) வர வேண்டும். மீட்டரோ 280-ஐத் தாண்டவே இல்லை.

முதலில் மீட்டர் கம்பிகளைச் சந்தேகித்தேன். கண்ணாடியை எடுத்துவிட்டு அளந்தால் கணக்குப்படி 107-ஐ ஒட்டியே வந்தது. விளிம்பில் பிதுங்கும் மின்புலமா? அது மதிப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கண்ணாடியின் இருபுறமும் அலுமினியத் தாளை ஒட்டித் தனியாக அளந்தேன். ஒப்புமை விடுதிறன், அதாவது காற்று இருக்கும் இடத்தில் கண்ணாடி நிரம்பினால் மின்தேக்குதிறன் எத்தனை மடங்காகும் என்ற எண், சரியாக 6. பல நாள் இதிலேயே போயிற்று.

விடை கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையே மிஞ்சிய 0.3 மி.மீ காற்றில் இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி முழுவதும் நிரம்பியதாகவே தெரியும். ஆனால் மின்புலத்துக்கு அந்தக் காற்று 1.8 மி.மீ கண்ணாடிக்குச் சமம்! கண்ணாடியை மேல் தகட்டோடு ஒட்டி வைத்தாலும் கீழே கிடத்தினாலும் அளவு மாறாது, காற்றின் மொத்தத் தடிமன்தான் கணக்கு. அதனால்தான் நகர்த்திப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை.

சரி, கண்ணாடிப் பாதியை மட்டும் கண்ணாடியும் காற்றும் ஒன்றன்மேல் ஒன்றான தொடரிணைப்பாக எடுத்தேன். பயனுறு இடைவெளி, அதாவது முழுதும் காற்றாகக் கணக்கிட்டால் வரும் இடைவெளி, 0.3 + 3/6 = 0.8 மி.மீ. அதற்கு 221, காற்றுப் பாதிக்கு 54, மொத்தம் 275. மிச்சம் ஐந்து விளிம்புக்கு.