இரட்டைப் பணிசெயல் முறைமைக் கணினி தொடங்காதபோது செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறையெடுத்துப் படிக்கும் மாணவி ஒருவர், வின்டோஸ், லினக்ஸ் என இரு பணிசெயல் முறைமைகள் (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) நிறுவிய தமது மடிக்கணினியைக் கடந்த மாரிகாலத்தில் ஓர் இரவு என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணை, லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழிச்சனான். இப்ப வின்டோஸும் வருகுதில்லை. போர்மற் அடிக்கத்தான் வேணும் எண்டு கடையில சொல்லிப்போட்டினம்" என்றார். கறுத்த திரையின் மேல் மூலையில் கிரப் (லினக்ஸோடு வரும் தொடக்கி நிரலின் பெயர்) என்ற ஒரு சொல்லும் அதனருகே மினுங்கும் கோடும் மட்டுமே இருந்தன. கணினியை நிறுத்தி, மீண்டும் தொடக்கும்போது எஃப்12 விசையை அழுத்தினேன். தோன்றிய பட்டியலில் முதலாவதாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையும் அதற்குக் கீழே வின்டோஸ் பூட் மேனேஜரும் இருந்தன. இரண்டாவதைத் தெரிவுசெய்ததும் வின்டோஸ் வழமைபோல் திறந்தது. இறுதியாண்டு ஆய்வறிக்கை இருந்த கோப்புறையும் அப்படியே இருந்தது. போர்மற் செய்திருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

கணினி எந்தப் படியில் நின்றுவிட்டது என்று பாராமல் திருத்தத் தொடங்குவதுதான் இங்கு நான் காணும் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன. 2012 இற்குப் பின்னர் வந்த பெரும்பாலான கணினிகள், தாய்ப்பலகையிலுள்ள பழைய பயோஸ் மென்பொருளுக்குப் பதிலாக வந்த யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் தொடங்குகின்றன. எந்தத் தொடக்கியை (பணிசெயல் முறைமையைத் திறக்கும் சிறு நிரலை) முதலில் அழைப்பது என்ற பட்டியல் தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. தொடக்கிகளோ வன்தட்டின் ஃபாட்32 என்ற வடிவிலுள்ள ஒரு சிறிய பிரிவில் (பார்ட்டிஷனில்), மைக்ரோசொஃப்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. வின்டோஸ் அந்தப் பிரிவுக்குப் பொதுவாக 100 மெகாபைட் அளவு ஒதுக்குகிறது. ஆகவே லினக்ஸ் இருந்த பிரிவை அழித்தாலும் அதன் தொடக்கி அழிவதில்லை. பட்டியலின் தலையில் இருந்தபடியே அது இல்லாத பிரிவைத் தேடி நிற்கிறது, வின்டோஸுக்கோ எந்தச் சேதமும் இல்லை. தொடக்க வரிசையில் வின்டோஸை மேலே நகர்த்துவதே அங்கு போதுமான வைத்தியம். லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9 என்று விசை மாறினாலும், இந்தப் பட்டியலை முதலில் பார்க்காமல் வன்தட்டில் எதையும் எழுதக்கூடாது.

பழைய காணொளிகளில் வரும் கட்டளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சுச் செய்வது அடுத்த தவறு. வின்டோஸின் தொடக்கத்தைத் திருத்தும் பூட்ரெக் கட்டளையோடு ஃபிக்ஸ்எம்பிஆர் சேர்ப்பது, வன்தட்டின் முதல் 512 பைட்டுகளிலிருந்து தொடங்கும் பழைய முறைக்கு உரியது. யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் கணினி அந்த இடத்திலுள்ள நிரலை இயக்குவதே இல்லையாதலால், அங்கு அக்கட்டளையால் பயன் கிடையாது. பிசிடிபூட் என்ற கட்டளையே வின்டோஸின் தொடக்கிக் கோப்புகளை மீள எழுதும். உங்கள் கணினி எம்முறையைச் சேர்ந்தது என்பதை, அது நல்ல நிலையில் இருக்கும்போதே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் பயோஸ் மோட் என்ற வரியில் பார்த்துக் குறித்துவைக்கலாம். பென்ட்ரைவிலிருந்து திருத்தும்போதும் இதே கவனம் வேண்டும். தொடக்கப் பட்டியலில் ஒரே பென்ட்ரைவ் சில வேளைகளில் இரு தடவை தோன்றும்; முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று இருப்பது ஒன்று, இல்லாதது மற்றொன்று. வின்டோஸ் யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் இருக்க, லினக்ஸை மற்றதிலிருந்து நிறுவினால், கிரப் பட்டியலிலிருந்து வின்டோஸைத் திறக்க முடியாமற் போகும்.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, வன்தட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் வின்டோஸின் பிட்லொக்கர் விடயம்தான். செக்யூர் பூட்டை (நம்பத்தகுந்த தொடக்கிகளை மட்டும் இயங்கவிடும் காவலை) நிறுத்தினாலோ தொடக்க அமைப்பை மாற்றினாலோ, குறியாக்கம் செய்யப்பட்ட வின்டோஸ் அடுத்த தடவை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். 2024 இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் வின்டோஸ் 11 இல் குறியாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுவதால், தமது வன்தட்டு பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சாவி வழமையாக அதே கணக்கில் சேமிக்கப்படும். ஆனால் கணினி வாங்கிய அன்று கடையில் ஒருவர் தமது மின்னஞ்சலைக் கொடுத்து அந்தக் கணக்கைத் திறந்திருந்தால்? அப்படியொரு கணினி என் மேசைக்கு வந்தது. கடையின் ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தார், கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியவில்லை, இரண்டு வருடப் படங்கள் பூட்டியபடியே இருந்தன. சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயோஸ் அமைப்புகளை (தாய்ப்பலகையின் தொடக்க அமைப்புகளை) தொடவேண்டாம் என்று, வீட்டில் இளையவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

செக்யூர் பூட் சம்பந்தமாக இன்னொன்று. 2024 ஓகஸ்ட் மாத வின்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின்னர், இரு முறைமைகளும் உள்ள சில கணினிகளில் லினக்ஸ், ஷிம் எஸ்பாட் சரிபார்ப்புத் தோல்வி என்ற செய்தியோடு நின்றுபோனது; ஷிம் என்பது லினக்ஸின் முதற்கட்டத் தொடக்கி. பழைய தொடக்கிகளை ஏற்கவேண்டாம் என்ற கட்டளை தாய்ப்பலகையில் எழுதப்பட்டதே காரணம். லினக்ஸ் கெட்டுவிட்டது என்று எண்ணி, கையிலிருந்த பழைய பென்ட்ரைவால் மீள நிறுவ முயன்றவர்கள் அதிலும் அதே செய்தியைக் கண்டார்கள், ஏனெனில் அதிலிருந்ததும் பழைய தொடக்கிதான். மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் நிறுத்தி, லினக்ஸை இற்றைப்படுத்திய பின் மீண்டும் இயக்குவதே இதற்குரிய வழி.

லினக்ஸ் திறக்கிறது, பட்டியலில் வின்டோஸ் மட்டும் இல்லை என்றால் பதற்றப்பட எதுவுமில்லை. 2021 இல் வந்த கிரப் 2.06 முதல், மற்றப் பணிசெயல் முறைமைகளைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்து அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வின்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் முழுவதும் நின்றுவிடுகிறது என்று நம்புவதும் தவறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது அது தன் கருவின் (கெர்னல் எனும் மைய நிரலின்) நிலையை வன்தட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும், ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுமையாக விடுபடும். அரைத்தூக்கத்தில் இருக்கும் என்.டி.எஃப்.எஸ். பிரிவை (வின்டோஸின் கோப்புகள் உள்ள பிரிவை) லினக்ஸ் வாசிக்க மட்டும் அனுமதிப்பது பாதுகாப்புக்காகவே. பலவந்தமாக எழுத முயல்வோர், அடுத்த நாள் கோப்புகள் காணாமற் போயிற்று என்று வருகிறார்கள். அதேபோல், லினக்ஸ் நிறுவும்போது வன்தட்டு தெரியவில்லை என்பதற்காகப் பயோஸில் சேமிப்பக முறையை (வன்தட்டோடு கணினி பேசும் முறையை) ஏஎச்சிஐ என்று மாற்றுவோர், முதலில் வின்டோஸைச் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துக்கொள்ளாவிட்டால் நீலத்திரையையே காண்பார்கள்.

இலங்கையில் 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களைக் கண்டவர்கள் நாங்கள். இப்போது அந்த நிலை இல்லையென்றாலும், மழையும் இடியுமாக இருக்கும் மாலையில், யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் பிரிவுகளின் அளவை மாற்றத் தொடங்குவது தரவை ஆபத்தில் விடுவதாகும். பாதியில் மின் போனால் இரு முறைமைகளும் சேர்ந்து போகலாம்.

பழைய மேசைக் கணினிகளில் மின் போய் வந்ததும் தொடக்க வரிசை குழம்புகிறதென்றால், மென்பொருளைத் தொடுமுன் தாய்ப்பலகையிலுள்ள சீ.ஆர்.2032 என்ற 3 வோல்ட் நாணய மின்கலத்தைப் பார்க்கவேண்டும். அது தீர்ந்துவிட்டால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். திகதியும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். ஆனால் திகதி ஏறக்குறைய சரியாக இருக்க, லினக்ஸைப் பாவித்த பின் வின்டோஸின் மணிக்கூடு மட்டும் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கி இருந்தால், மின்கலத்தை மாற்றிப் பயனில்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் வின்டோஸ் இலங்கை நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் எழுதுவதால் வரும் வித்தியாசம் அது, லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற ஒரே கட்டளையால் சரிசெய்யலாம்.