பொத்தான் நத்தையை அடிப்பக்கத்தைப் பார்த்து அறிதல்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் தோட்டப்புறப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் மோரிப் கடற்கரையில் பொறுக்கி வரும் சிறு நத்தை ஓடுகளை இனம் பிரிக்கும்போது நிறத்தை நம்பவேண்டாம். ‘அம்போனியம் வெஸ்டியாரியம்’ எனும் பொத்தான் நத்தை ஒன்றே வெள்ளை, சாம்பல், பழுப்பு, இளஞ்சிவப்பு எனவும் வரியோடும் புள்ளியோடும் பல கோலங்களில் காணப்படும். ஓட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏறத்தாழ 1 செ.மீ. அகலத்தில் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருந்து, அடியின் நடுவிலுள்ள தொப்புள்குழியைத் தடித்த வட்டத் திட்டு ஒன்று மூடியிருந்தால், அது பெரும்பாலும் பொத்தான் நத்தையே. மணலில் தேய்ந்து மெருகிழந்த ஓட்டிலும் இத்திட்டு எளிதில் அழிவதில்லை என்பதால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வாய் அரைவட்டமாகவும் அதன் உள்விளிம்பு மேடைபோல் அகன்றும் இருந்தால், அது ‘நெரைட்’ எனும் வேறொரு நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். உயிருள்ளவற்றில் ஓட்டின் வாயை அடைக்கும் மூடியையும் கவனிக்கலாம்: நெரைட்டின் மூடி சுண்ணாம்புபோல் கெட்டியாகவும், பொத்தான் நத்தையின் மூடி மெல்லிய வட்டமாகவும் இருக்கும்.