அரசு நடத்தும் பிட்ச் போட்டிக்குப் போகிறீர்களா? முதலில் மதிப்பெண் தாளைப் படியுங்கள்

பிட்ச் போட்டி என்றால், தொழில் யோசனையைச் சில நிமிடத்தில் மேடையில் விளக்கி நடுவர்களிடம் நிதி கேட்பது. அரசு நடத்திய அப்படி ஒரு போட்டிக்கு முதல்முறை போனபோது, முதலீட்டாளர்களுக்காகச் செய்து வைத்திருந்த ஸ்லைடுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். சந்தை எவ்வளவு பெரியது, ஐந்து வருடத்தில் எத்தனை மடங்கு வளர்வோம், மற்ற நிறுவனங்களை எப்படி ஓரங்கட்டுவோம் என்று எல்லாம் பளபளவென்று இருந்தது. பேசி முடித்ததும் ஒரு நடுவர், கையிலிருந்த தாளை விட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார்: "இந்தப் பணம் கிடைத்தால் அடுத்த ஒன்பது மாதத்தில் எதைச் செய்து முடிப்பீர்கள்?" ஏதோ உளறினேன். அவர் கையில் இருந்தது மதிப்பெண் தாள், அந்தக் கேள்விக்கென்று அதில் தனிக் கட்டமே இருந்தது. போட்டி அறிவிப்பின் கடைசிப் பக்கத்திலும் அதே கட்டம் அச்சாகியிருந்தது. நான்தான் அதுவரை புரட்டவில்லை.

நான் பார்த்த வரையில் இந்தப் போட்டிகளில் நல்ல யோசனைகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தனியார் முதலீட்டாளருக்கு உங்கள் தயாரிப்பில் ஒரே ஒரு விஷயம் பிடித்துவிட்டால் போதும், மற்ற ஓட்டைகளை மன்னித்துப் பணம் போடுவார், அது அவருடைய பணம். அரசுப் போட்டியில் கொடுப்பது மக்கள் பணம், "ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள், அவருக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று நாளை தணிக்கைக்காரர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம்தான் மதிப்பெண் தாள். நடுவருக்கு உங்களை எவ்வளவுதான் பிடித்திருந்தாலும் நீங்கள் வாயே திறக்காத ஒரு விஷயத்துக்கு அவரால் மதிப்பெண் போட முடியாது. சில திட்டங்களில் இது இன்னும் கறார். ஆய்வுக்கும் புதுமைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஹொரைசன் நிதி, பிட்ச் போட்டி இல்லை, ஆனால் கணக்கு இதே ரகம்: வழக்கமாக மூன்று அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 எடுக்க வேண்டும், மொத்தம் 10 வர வேண்டும். இரண்டில் ஐந்துக்கு ஐந்து எடுத்து மூன்றாவதில் இரண்டு வாங்கினால் மொத்தம் 12, ஆனாலும் வெளியேதான்.

அதனால் இப்போதெல்லாம் அளவுகோல்களை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதிவிட்டு, வலப்பக்கம் எந்த ஸ்லைடு எதற்குப் பதில் சொல்கிறது என்று குறிப்பேன். எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாத ஸ்லைடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் போய்விட வேண்டும். அப்படிச் செய்தால் பெரும்பாலும் நிறுவனம் பிறந்த கதை இரண்டு ஸ்லைடு காலியாகும், "சமூகப் பயன்", "செயல் திட்டம்" போன்ற கட்டங்களுக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. மனசு வலிக்கும், பரவாயில்லை.

அப்புறம், தகுதி. "நாங்கள் சின்ன கம்பெனிதானே" என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் அதிகம், ஆனால் சின்னது என்றால் என்ன என்பது நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறையில் சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் 250 பேருக்குக் கீழ், அதோடு ஆண்டு விற்றுமுதல் 5 கோடி யூரோவைத் தாண்டக்கூடாது, அல்லது இருப்புநிலைக் கணக்கின் மொத்தம் 4.3 கோடி யூரோவுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் ஆய்வுக்குப் பணம் கொடுக்க 1982இல் சட்டமாகி வந்த எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தில் வரம்பு 500 பேர். இரண்டிலும் ஒரே பொறி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் பெரும்பங்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் ஆட்களையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் காகிதத்தில் 800 பேராக மாறுவது இப்படித்தான். பங்கு யார் கையில் எத்தனை சதவீதம் என்ற பட்டியலை முதல் நாளே எடுத்து வைத்து, சந்தேகம் இருந்தால் போட்டி நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஃபோனில் கேட்டு வாங்கிய பதில் பின்னால் எதற்கும் உதவாது.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது அடுத்த தவற்றில்தான், ஏனென்றால் இதைத் திருத்தவே முடியாது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் மேடையில் ஏறி, உள்ளே என்ன நடக்கிறது என்று படம் போட்டு விளக்கிவிடுவது. பொது நிகழ்ச்சி, இணையத்தில் வீடியோ நேரலை, கேள்வி கேட்பவர் ஆர்வமாகக் கேட்கக் கேட்க நாமும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நாமே வெளியிட்டிருந்தால் அதற்குப் பிறகு விண்ணப்பிக்க ஒரு வருடச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் நடைமுறையில் அப்படி ஒன்று கிடையாது, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய நாள் நீங்களே சொன்னதுகூட உங்களுக்கு எதிராக நிற்கும். தற்காலிக விண்ணப்பம், அதாவது தேதியைப் பிடித்து வைக்கும் முதல்கட்டக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசினால் நிம்மதி. பல நாடுகளில் இது குறைந்த செலவில் முடிகிற வேலைதான், 1883இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்தத் தேதியை வைத்து 12 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளிலும் உரிமை கோரலாம். ஆனால் அதில் எழுதாததை மேடையில் சொன்னால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். தாக்கல் செய்ய நேரமே இல்லையென்றால், கருவி என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்பதை விட்டுவிடுங்கள். நடுவர் துருவினால், "காப்புரிமை விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது, ரகசிய ஒப்பந்தத்தோடு தனியாகக் காட்டுகிறேன்" என்றால் எந்த நியாயமான நடுவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேடையில் பேசாதது விண்ணப்பத்தில் இருக்கும், அதுவும் கவனிக்க வேண்டியது. அரசிடம் கொடுக்கும் காகிதத்தை யாரோ ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம், இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரண்டிலும் வணிக ரகசியத்துக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் எது ரகசியம் என்று நீங்கள் பக்கத்தில் குறித்திருந்தால்தான் அதிகாரிக்கும் தெரியும். எல்லாப் பக்கத்திலும் "ரகசியம்" என்று முத்திரை குத்துபவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் எதையும் குறிக்காத மாதிரிதான்.

"உலகிலேயே முதல்முறை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். நடுவர்களில் ஒருவராவது அந்தத் துறையில் இருபது வருடம் கழித்தவராக இருப்பார், அந்த வரியைப் பார்த்ததும் அவர் மனசுக்குள் முன்னால் வந்தவற்றின் பட்டியல் ஓடும், அப்புறம் நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது. இப்போது ஜனங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், அதில் எங்கே இடிக்கிறது, உங்களுடையது எந்த ஒரு இடத்தில் வேறு, இந்த மூன்றையும் சொன்னால் போதும். தயாரிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதிலும் அடக்கமாக இருப்பது நல்லது. நிறைய அரசுத் திட்டங்கள் தொழில்நுட்ப முதிர்ச்சியை 1 முதல் 9 வரை எண்ணால் கேட்கும், நாசாவில் 1970களில் பிறந்த அளவுகோல் அது. ஆய்வகத்தில் ஓடிய மாதிரிக் கருவிக்கு 4, உண்மையான வேலைச் சூழலில் ஓட்டிக் காட்டிய மாதிரிக் கருவிக்கு 7. மேசைமேல் ஓடியதை 7 என்று எழுதிவிட்டு, "எங்கே ஓட்டினீர்கள், எத்தனை நாள், எத்தனை தடவை நின்றது" என்ற கேள்விக்கு விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிகைப்படுத்துவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: சோதனை நிலைக்கென்று ஒதுக்கிய பணத்துக்கு, "இவர்கள்தான் முடித்துவிட்டார்களே" என்று உங்களைத் தள்ளிவிடுவார்கள்.

பேச்சு. மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம், மணி அடித்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தபோது சரியாக 2 நிமிடம் 50 நொடி வந்தது, மேடையில் வணக்கம் சொல்லி, ஸ்லைடு மாறாமல் ரிமோட்டை இரண்டு தடவை அழுத்தி, நன்றி சொல்வதற்குள் தயாரிப்பின் விலையைச் சொல்லாமலே மணி அடித்துவிட்டது. கொடுத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துத் தயார் செய்யுங்கள். பிரச்சினையை விவரிக்க முப்பது நொடி தாண்டக்கூடாது, அதைத் தீர்க்கத்தானே அரசு போட்டியே வைத்திருக்கிறது. வீடியோவை ஸ்லைடுக்குள் பொதித்து எடுத்துப் போகாதீர்கள், அங்கிருக்கும் கணினியில் ஓடாது, படங்களாக மாற்றி பிடிஎஃப் ஆகவும் ஒன்று வைத்திருங்கள். கேள்வி நேரத்தில் குழுவில் மூன்று பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. பணம், தொழில்நுட்பம், வாடிக்கையாளர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் போர்ட்டல் கடைசி நாள் மாலையில் மக்கர் பண்ணும். இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள், நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு என்ன சொல்வது.

ஜெயித்தால் பணம் மறுநாள் வந்துவிடும் என்று நினைத்து ஆள் எடுத்துவிடாதீர்கள். நிறைய இடங்களில் பணம் தவணையாகத்தான் வரும், சில இடங்களில் நீங்கள் முதலில் செலவழித்து பில் காட்டிய பிறகுதான் திருப்பித் தருவார்கள். அதற்கிடையில் ஓட்டுவதற்குக் கையில் காசு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே கணக்குப் போட வேண்டும். பரிசுக்கு வரி உண்டா என்று கணக்காளரிடம் கேளுங்கள். ஐரோப்பாவில் இன்னொரு கணக்கும் உண்டு: சில பரிசுகள் சிறு அரசு உதவி என்ற வகையில் சேரும், அதற்கு 2024 முதல் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக்கு 3 லட்சம் யூரோ வரம்பு, ஏற்கெனவே வேறு மானியம் வாங்கியிருந்தால் இந்தப் பரிசுக்கு இடமே இல்லாமல் போகலாம்.

தோற்றால் சத்தமில்லாமல் வந்துவிடாமல், நடுவர் குறிப்புகளைக் கேட்டு எழுதுங்கள். தருகிற வழக்கம் பல திட்டங்களில் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. நான் கேட்டபோது நாலு வரி வந்தது. மூன்று வரி பாராட்டு, நாலாவது வரி: "செயல் திட்டம் குறிப்பிடப்படவில்லை." அடுத்த வருடம் அதே போட்டிக்கு, அந்த நாலாவது வரியையே முதல் ஸ்லைடாக மாற்றி, மாதம் மாதமாகப் பிரித்து எழுதிக்கொண்டு போனேன்.